மலைச்சரிவில் தொலைநோக்கி கட்டிய பேராசிரியர்: கோவிந்த் ஸ்வரூப் பற்றி வாசகர் கேள்விகள்

வானியற்பியல் பேராசிரியர் ஒருவரின் பணி வாழ்க்கை எப்படி அமைகிறது, ஆய்வுக் குழுவை வழிநடத்துவது என்றால் என்ன என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்துள்ளன. பொதுவாகப் பேசுவதைவிட ஒருவருடைய வாழ்க்கையை எடுத்துக்கொண்டு பதில் சொல்வது தெளிவு தரும் என்று கருதி, விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளை ஆராயும் ரேடியோ வானியலை இந்தியாவில் வேரூன்றச் செய்த பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் அவர்களைத் தேர்ந்துகொண்டேன். 1929இல் பிறந்து 2020 செப்டம்பர் 7 அன்று புனேயில் மறைந்த அவருடைய முதல் பெரிய சாதனை நம் நீலகிரியில்தான் நிற்கிறது.

கேள்வி: வானியற்பியல் பேராசிரியர் என்றால் இரவெல்லாம் தொலைநோக்கி வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர் என்றுதான் எங்கள் வீட்டில் நினைக்கிறார்கள். உண்மையில் அவர்களுடைய வேலை என்ன?
*இயற்பியல் மூன்றாமாண்டு மாணவி, கோயம்புத்தூர்*

பதில்: தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்க்கும் வானியலாளர் இன்று அரிது. ஆய்வாளர் தமக்கு எந்தப் பொருளை, எத்தனை மணி நேரம், எந்த அலைநீளத்தில் பார்க்க வேண்டும் என்று விண்ணப்பம் எழுதுகிறார். குழு ஒன்று அதைப் பரிசீலித்து நேரம் ஒதுக்குகிறது. கருவி திரட்டித் தரும் தரவைக் கணினியில் மாதக்கணக்கில் சலித்து, அதில் உண்மையான சமிக்ஞை எது, இரைச்சல் எது என்று பிரித்தறிந்து, கட்டுரை எழுதுகிறார். இதற்கிடையே வகுப்பு எடுக்க வேண்டும், ஆய்வு மாணவர்களை வழிநடத்த வேண்டும், நிதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், பிறர் எழுதிய கட்டுரைகளைத் திருத்தம் பார்க்க வேண்டும். பேராசிரியரின் நாளில் பெரும்பகுதி இவற்றில்தான் கழிகிறது.

ஆனால் சிலருக்கு இதற்கு முந்தைய கட்டத்திலேயே வேலை தொடங்கிவிடுகிறது. தாம் கேட்க விரும்பும் கேள்விக்கு விடை தரக்கூடிய கருவி உலகில் எங்குமே இல்லை என்றால், அதை அவர்களே கட்ட வேண்டியிருக்கிறது. கருவிக்கு இடம், பணம், ஆள் மூன்றும் தேட வேண்டும். அந்தக் கருவி இயங்கத் தொடங்கப் பத்தாண்டுகளும் ஆகலாம். அதுவரை பெரிய கட்டுரை எதுவும் வராது. இப்படிப்பட்ட பணியை ஒருமுறை முடிப்பதே அரிது. ஸ்வரூப் உதகையில் ஒருமுறையும் புனே அருகே மறுமுறையும் முடித்துக் காட்டினார். அதனால்தான் ஆய்வுத் தலைமை பற்றிக் கேட்கும்போது எனக்கு அவர் பெயர் முதலில் நினைவுக்கு வருகிறது.

கேள்வி: ஸ்வரூப்பின் வளர்ச்சியில் கே. எஸ். கிருஷ்ணனுக்குப் பங்கு உண்டு என்று கேள்விப்பட்டேன். எங்கள் வத்திராயிருப்பில் பிறந்தவர் என்பதால் கேட்கிறேன்.
*ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்*

பதில்: பெரிய பங்கு உண்டு. ஸ்வரூப் உத்தரப் பிரதேசத்தின் தாகூர்துவாரா என்னும் சிற்றூரில் பிறந்து, அலகாபாத் பல்கலைக்கழகத்தில் 1950இல் முதுகலைப் பட்டம் பெற்றார். பிறகு புது தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். ராமன் விளைவுக் கண்டுபிடிப்பில் ராமனுடன் உழைத்த கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன்தான் அப்போது அதன் இயக்குநர். 1952இல் சிட்னியில் நடந்த பன்னாட்டு ரேடியோ அறிவியல் மாநாட்டுக்குச் சென்று திரும்பிய கிருஷ்ணன், அங்கே ஆஸ்திரேலியர்கள் சூரியனிலிருந்தும் விண்மீன் மண்டலங்களிலிருந்தும் வரும் ரேடியோ அலைகளைப் பிடித்து ஆராய்வதைக் கண்டு வியந்து, ஆய்வகத்தாரிடம் அதைப் பற்றிப் பேசினார். அந்தப் பேச்சுதான் ஸ்வரூப்பின் பாதையைத் திருப்பியது. கிருஷ்ணனின் ஊக்கத்தால் காமன்வெல்த் நாடுகள் தொடங்கிய கொழும்புத் திட்டத்தின் உதவித்தொகை பெற்று 1953இல் அவர் சிட்னிக்குப் போனார்.

அதே உதவித்தொகையில் அவருடன் சென்றவர் கொடைக்கானல் ஆய்வுக்கூடத்தின் பார்த்தசாரதி. சிட்னியில் ஜோசப் பாசி என்பவர் தலைமையில் பல சிறு குழுக்கள் இயங்கின. முதலாண்டில் இருவரும் ஒவ்வொரு குழுவிலும் சில மாதங்கள் உழைத்து, ஒவ்வொருவரும் கருவியை எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று பார்த்துக் கற்றார்கள். கணினி இல்லாத காலம். சூரியனின் ரேடியோ படம் ஒன்றை வரைய மாதக்கணக்கில் கையால் கணக்குப் போட வேண்டியிருந்தது. அடுத்து, பாட்ஸ் ஹில் என்னும் நீர்த்தேக்கக் கரையில் அங்கிருந்த ஆய்வாளர் கிறிஸ்டியன்சன் அமைத்திருந்த 32 சிறு கிண்ண ஆண்டெனாக்களை இருவரும் எடுத்துக்கொண்டு, வேறு அலைநீளத்துக்கு மாற்றியமைத்து, சூரியனை ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு கிண்ணமும் ஆறடி விட்டம்.

அந்த 32 கிண்ணங்களும் இனித் தேவையில்லை என்று கழிக்கப்பட இருந்தபோது, அவற்றை இந்தியாவுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று ஸ்வரூப் கேட்டார். பாசி இசைந்தார். கப்பலில் கொண்டுவரும் செலவை யார் ஏற்பது என்ற இழுபறியில் கிண்ணங்கள் சிட்னியிலேயே தேங்கின. ஸ்வரூப் அமெரிக்கா போய்விட்டார். பின்னால் தில்லி வந்துசேர்ந்த அந்தக் கிண்ணங்கள்தான் 1965இல் மும்பைக்கு அருகே கல்யாணில் நாட்டின் முதல் ரேடியோ தொலைநோக்கி வரிசையாக நிறுத்தப்பட்டன. பிறர் கழித்ததைக் கேட்டு வாங்குவதில் அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை. அறிவியலில் புதிதாகக் காலூன்றும் நாட்டுக்கு இந்தத் தயக்கமின்மை மிகவும் தேவை என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி: ஸ்டான்ஃபோர்டில் நல்ல வேலையில் இருந்தவர் ஏன் திரும்பி வந்தார்? இன்று யாராவது அப்படி வருவார்களா?
*மென்பொருள் பொறியாளர், சென்னை*

பதில்: ஸ்வரூப் 1956இல் ஹார்வர்டின் ஃபோர்ட் டேவிஸ் நிலையத்தில் சூரிய வெடிப்புகளை ஆராய்ந்தார், பிறகு ஸ்டான்ஃபோர்டில் ரொனால்ட் பிரேஸ்வெல்லிடம் முனைவர் பட்டம் பெற்று அங்கேயே உதவிப் பேராசிரியரானார். நாடு திரும்பும் எண்ணம் அவருக்குத் தொடக்கத்திலிருந்தே இருந்தது; திரும்பி என்ன செய்வது என்பதுதான் கேள்வியாக இருந்தது. 1961இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் மாநாடு நடந்தது. அங்கே ஸ்வரூப்பும் வெளிநாடுகளில் பணியாற்றிய டி. கே. மேனன், முகுல் குண்டு, டி. கிருஷ்ணன் ஆகியோரும் சந்தித்து, நால்வருமாக நாடு திரும்பி ரேடியோ வானியல் குழு ஒன்றைத் தொடங்கத் தயார் என்று இந்தியாவின் முக்கிய அறிவியல் அமைப்புகளுக்குக் கூட்டாக எழுதினார்கள்.

மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹோமி பாபா 1962 ஜனவரியில் தந்தி அடித்தார்: ரேடியோ வானியல் குழு அமைக்க முடிவு செய்துவிட்டோம், கடிதம் பின்னால் வரும் என்பது அதன் சாரம். திட்டம் எதுவும் அப்போது வரையப்படவில்லை, தொகை எதுவும் ஒதுக்கப்படவில்லை. ஆளைப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் பாபாவுக்கு இருந்தது. 1963இல் ஸ்வரூப் வந்துசேர்ந்தார். மேனனும் குண்டுவும் வெவ்வேறு காலத்தில் வந்து சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு மீண்டும் வெளிநாடு சென்றார்கள். கிருஷ்ணன் சிட்னியிலேயே இருந்துவிட்டார். கடைசிவரை நின்றவர் ஸ்வரூப் ஒருவர்தான்.

இன்றும் திரும்பி வருகிறார்கள். வந்தவருக்கு உடனே செய்வதற்கு உரிய வேலை காத்திருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் அவர் தங்குவதும் தங்காததும்.

கேள்வி: நான் உதகையில் வளர்ந்தவன். முத்தோரைப் பக்கம் மலைச்சரிவில் நீளமாகப் படுத்திருக்கும் அந்தக் கம்பிக் கூட்டைச் சிறுவயது முதல் பார்த்திருக்கிறேன். சமதளத்தை விட்டுச் சரிவில் கட்டியது ஏன்?
*வங்கி அலுவலர், குன்னூர்*

பதில்: நீங்கள் பார்த்தது 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள பரவளைய உருளை. அருகே சென்று பார்த்தால் அதில் தகடு எதுவும் இல்லை என்பது தெரியும். பரவளைய வடிவில் வளைத்த 24 இரும்புச் சட்டங்கள் 23 மீட்டர் இடைவெளியில் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் மீது, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் ஏறத்தாழ 1,100 இழுத்துக் கட்டப்பட்டுள்ளன. அந்தக் கம்பிகளே கண்ணாடி. மேலிருந்து வரும் ரேடியோ அலைகளை அவை எதிரொளித்து, குவியக் கோட்டில் வரிசையாக அமைந்த 1,056 டைபோல் எனப்படும் சிறு கம்பி ஆண்டெனாக்களிடம் சேர்க்கின்றன. கருவி கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில். அலைநீளம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு.

சரிவின் காரணத்துக்கு வருகிறேன். பூமி தன் அச்சில் சுழல்வதால் விண்பொருள்கள் கிழக்கிலிருந்து மேற்கே நகர்வதாகத் தெரிகின்றன. ஒரு பொருளைத் தொடர்ந்து பார்க்க வேண்டுமானால் தொலைநோக்கி அந்த அச்சுக்கு இணையான அச்சைச் சுற்றித் திரும்ப வேண்டும். நாம் நிற்கும் இடத்தில் பூமியின் அச்சுக்கு இணையான கோடு வடக்கு நோக்கி மேலே சாய்ந்திருக்கும். சாய்வின் அளவு அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமம். உதகையின் அட்சரேகை 11 பாகையைச் சற்றே தாண்டியது. வடக்கு நோக்கி அதே அளவு ஏறும் மலைச்சரிவு கிடைத்துவிட்டால், அதன் மேல் படுக்க வைக்கும் உருளையின் நீள அச்சு தானாகவே பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். பிறகு அரை கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பெருங்கருவியை ஒரே ஓர் அச்சில் மெல்ல உருட்டினாலே போதும். ஏறக்குறைய ஒன்பதரை மணி நேரம் ஒரே பொருளைப் பின்தொடரலாம். வடக்கு, தெற்காகப் பார்வையை நகர்த்த எந்த இயந்திரமும் வேண்டாம். டைபோல்களின் சமிக்ஞைகளுக்கு இடையே மின்னணு முறையில் கட்டத்தை, அதாவது அலைகளின் ஏற்ற இறக்கம் முன்பின்னாக அமைவதை, மாற்றினால் பார்வை நகரும்.

தில்லி பக்கம் இதைக் கட்டியிருந்தால் 28 பாகைக்கு மேல் செங்குத்தான சரிவு வேண்டும். அதில் கட்டுமானம் பெரும்பாடு. தென்னிந்தியாவில் சரிவு மென்மையாக அமைகிறது. வரைபடங்களை வைத்துக்கொண்டு தென்னகத்தின் மலைச்சரிவுகளைத் தேடித்தான் முத்தோரைக்கு வந்தார்கள். நாட்டின் பூகோள நிலையையே கருவியின் உறுப்பாக மாற்றிய இந்த யோசனையை நான் ஸ்வரூப்பின் சிந்தனையில் தலைசிறந்ததாகக் கருதுகிறேன். பணக்கார நாடுகளின் தொலைநோக்கியைச் சிறியதாக நகலெடுக்கும் எண்ணமே அதில் இல்லை.

கேள்வி: அவ்வளவு பாடுபட்டுக் கட்டிய உதகைத் தொலைநோக்கி எதைக் கண்டுபிடித்தது?
*பள்ளி ஆசிரியை, திருச்சி*

பதில்: 1960களில் ரேடியோ வானியலின் பெரிய இடர்ப்பாடு, வானில் ரேடியோ அலை வீசும் பொருள்கள், அதாவது ரேடியோ மூலங்கள், ஆயிரக்கணக்கில் தெரிந்தும் அவை துல்லியமாக எங்கே இருக்கின்றன, எவ்வளவு பெரியவை என்பது தெரியாததுதான். ரேடியோ அலை நீளமானது என்பதால் ஒற்றைத் தொலைநோக்கியின் பார்வை மங்கலாக இருக்கும். 1962இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் சிரில் ஹசார்டும் உடனிருந்தோரும் ஒரு குறுக்குவழியைப் பயன்படுத்தினார்கள். நிலா தன் பாதையில் நகரும்போது பின்னால் உள்ள ரேடியோ மூலத்தை மறைக்கிறது. நிலாவின் விளிம்பு வானத்தில் நொடிக்கு ஏறத்தாழ அரை விகலை நகர்கிறது (ஒரு விகலை என்பது ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு). மூலம் மறைவதையும் வெளிப்படுவதையும் நொடிக் கணக்கில் பதிவு செய்தால், நிலாவின் விளிம்பே கூர்மையான அளவுகோலாகி, மூலத்தின் இடமும் உருவமும் விகலைத் துல்லியத்தில் கிடைத்துவிடும். அப்படித்தான் 3சி 273 என்னும் மூலத்தின் இடம் உறுதியாயிற்று. 1963இல் மார்ட்டன் ஷ்மிட் அதன் ஒளியை ஆராய்ந்து, அது 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் உள்ள குவாசர், அதாவது விண்மீன் போலத் தோன்றும் மிகப் பிரகாசமான தொலைதூர மண்டலக் கரு, என்று காட்டினார்.

இதைப் படித்த ஸ்வரூப்புக்கு ஒன்று தோன்றியது. ஒன்றிரண்டு மூலங்களுக்குச் செய்ததை நூற்றுக்கணக்கான மங்கலான மூலங்களுக்குச் செய்தால், தொலைவு கூடக் கூட அவை சிறிதாகின்றனவா என்று பார்க்கலாம். அதிலிருந்து பிரபஞ்சத்தின் வரலாற்றையே கேட்கலாம். அதற்கு நிலாவை மணிக்கணக்கில் விடாமல் பின்தொடரும் பெரிய பரப்புள்ள கருவி வேண்டும். உதகைத் தொலைநோக்கியின் வடிவம் முழுவதும் இந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது. கேள்வி முதலில், கருவி பிறகு என்ற இந்த வரிசையை ஆய்வு மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

1970இல் இயங்கத் தொடங்கிய கருவி, அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூலங்களின் கோண அளவை அளந்தது. 1975இல் ஸ்வரூப்பும் அவருடைய மாணவர் விஜய் கபாஹியும் வெளியிட்ட முடிவுகள், மங்கலான மூலங்கள் சராசரியாகச் சிறியவையாக இருப்பதையும், பிரபஞ்சம் காலந்தோறும் மாறிவந்திருப்பதையும் காட்டின. ஃபிரெட் ஹாயில் முதலியோர் முன்வைத்த, பிரபஞ்சம் என்றும் ஒரே நிலையில் இருக்கிறது என்ற கொள்கைக்கு இது எதிரானது. பெருவெடிப்புக் கொள்கைக்கு ஆதரவானது. 1965இல் பெருவெடிப்பின் மிச்சமாக வானெங்கும் பரவியுள்ள நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு கண்டறியப்பட்டபோதே அந்த விவாதம் பெருவெடிப்பின் பக்கம் சாய்ந்துவிட்டது உண்மை. ஆயினும் முற்றிலும் வேறான வழியில் வந்த சான்று என்பதால் உதகை அளவீடுகளுக்கு மதிப்பு இருந்தது.

கேள்வி: அவருடைய முயற்சிகள் எல்லாமே வெற்றி பெற்றனவா?
*வாசகர், மதுரை*

பதில்: இல்லை. உதகையில் கிடைத்த துணிவில், 1970களின் பிற்பகுதியில் நிலநடுக்கோட்டிலேயே இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள உருளைத் தொலைநோக்கி கட்டலாம் என்று அவர் முன்மொழிந்தார். அட்சரேகை பூஜ்ஜியம் என்பதால் அங்கே சரிவே தேவையில்லை, சமதளம் போதும். கென்யா, நைஜீரியா நாடுகளின் அறிவியலாளர்களும் ஈடுபாடு காட்டினார்கள். வளரும் நாடுகள் கூடி உலகத் தரமான கருவி ஒன்றைத் தமக்கென்று வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் நோக்கம். இந்தோனேசியாவில் அமைக்கலாமா என்றும் பிறகு பேச்சு நடந்தது. எதுவும் கைகூடவில்லை.

பல ஆண்டு உழைப்பு வீணானதே என்று மனம் தளர அவருக்கு நியாயம் இருந்தது. ஆனால் அந்தத் திட்டம் கைவிட்டுப்போன நிலையில்தான், நாட்டுக்குள்ளேயே வேறு வடிவில் என்ன செய்யலாம் என்று 1984 வாக்கில் புதிதாகக் கணக்குப் போட்டார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து.

கேள்வி: புனே அருகே உள்ள மாபெரும் மீட்டர் அலை ரேடியோ தொலைநோக்கி மிகக் குறைந்த செலவில் கட்டப்பட்டது என்கிறார்கள். அது எப்படி முடிந்தது?
*இயந்திரப் பொறியியல் மாணவர், சேலம்*

பதில்: ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்கள். 14 கிண்ணங்கள் புனேயிலிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், நாராயண்காவ் அருகே கோடத் என்னும் ஊரை ஒட்டி நெருக்கமாக நிற்கின்றன. மற்ற 16 கிண்ணங்கள் மூன்று கைகளாகப் பிரிந்து, ஆங்கில ஒய் எழுத்து வடிவில், 25 கிலோமீட்டர் அளவுக்குப் பரந்திருக்கின்றன. கிண்ணங்களைக் கண்ணாடி இழை வடங்கள் மையத்தோடு இணைக்கின்றன. எல்லாவற்றின் சமிக்ஞைகளையும் ஒன்றுசேர்த்தால், படத்தின் கூர்மையைப் பொறுத்தவரை 25 கிலோமீட்டர் அகலமுள்ள ஒற்றைத் தொலைநோக்கிக்கு நிகராகிறது.

உங்கள் துறைக்கு உரிய செய்தி கிண்ணத்தின் உடலில் இருக்கிறது. பெரிய ஆண்டெனாவின் விலையை ஏற்றுவது காற்று. தகடு போர்த்திய 45 மீட்டர்க் கிண்ணம் பலத்த காற்றில் தாக்குப்பிடிக்க வேண்டுமானால் அதன் முதுகெலும்பும் தாங்குகோபுரமும் திருப்பும் இயந்திரங்களும் மிகக் கனமாக வேண்டும். எடை கூடினால் விலையும் கூடும். ஆனால் தார்ப்பாயைப் பிடித்து இழுக்கும் காற்று மீன்வலையை இழுப்பதில்லை. மீட்டர் அளவு நீளமுள்ள அலைக்கு, கண்ணி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள வலையும் முழுத் தகடும் ஒன்றுதான். இரண்டும் ஒரே மாதிரி எதிரொளிக்கும். இந்தக் கருவி கேட்கும் மிகச் சிறிய அலைநீளமே ஏறத்தாழ 21 சென்டிமீட்டர். ஆகவே 0.55 மில்லிமீட்டர் பருமன் மட்டுமே உள்ள எஃகுக் கம்பியில் வலை பின்னி, நடுவில் 10 மில்லிமீட்டரும் விளிம்பில் 20 மில்லிமீட்டருமாகக் கண்ணி விட்டு, அதையே கிண்ணத்தின் பரப்பாக்கினார்கள்.

வலை தளர்ந்து தொங்கினால் பரவளைய வடிவம் கெட்டுவிடும். அதற்கு 16 வளைந்த குழாய்ச் சட்டங்களை அமைத்து, அவற்றுக்கிடையே மெல்லிய எஃகு வடங்களை விறைப்பாக இழுத்துக் கட்டி, அந்த வடங்களிலிருந்து வலையைப் பல புள்ளிகளில் பிடித்து நிறுத்தினார்கள். வடங்களின் இழுவிசையே வடிவத்தைத் தாங்குகிறது. ஸ்வரூப் இந்த யோசனையைச் சொல்ல, மும்பையின் கட்டமைப்புப் பொறியாளர்கள் வரைபடமாக்கினார்கள். கிண்ணங்களைத் திருப்பும் கட்டுப்பாட்டுக் கருவிகள் பாபா அணு ஆராய்ச்சி மையத்திலிருந்தும், 21 சென்டிமீட்டர் அலைக்கான ஏற்பிகள் பெங்களூரின் ராமன் ஆய்வு நிறுவனத்திலிருந்தும் வந்தன. கிண்ணங்களைக் கட்டியது உள்நாட்டு ஒப்பந்தக்காரர்கள்.

இடத் தேர்விலும் இதே கவனம் தெரிகிறது. வானொலி, தொலைக்காட்சி அலைகளின் இரைச்சல் குறைவாக இருக்க வேண்டும். காற்று மிகக் கடுமையாக இருக்கக் கூடாது. பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகே போனால் அயனி மண்டலம் அலைகளைக் கலைக்கும் என்பதால் அதிலிருந்து சற்று விலகியிருக்க வேண்டும். பொறியாளர்களும் கல்லூரிகளும் உள்ள நகரம் பக்கத்தில் இருக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் புனே பகுதி ஒத்துவந்தது. 1990களில் கட்டி முடிக்கப்பட்ட தொலைநோக்கி, 2002 முதல் உலகின் எந்த நாட்டு ஆய்வாளரும் விண்ணப்பித்துப் பயன்படுத்தும் வகையில் திறக்கப்பட்டது.

இதைக் கட்டத் தூண்டிய முதல் நோக்கம், விண்மீன் மண்டலக் கூட்டங்கள் உருவாவதற்கு முன் இருந்திருக்கக்கூடிய பெரும் ஹைட்ரஜன் மேகங்களைத் தேடுவது. எதிர்பார்த்த வடிவில் அவை அகப்படவில்லை. ஆனாலும் பல்சர்கள் எனப்படும் சீராகத் துடிக்கும் விண்மீன்கள், மண்டலக் கூட்டங்கள், நம் மண்டலத்தின் வாயு என்று கருவி பல திசைகளில் பயன்பட்டது. 2016 அக்டோபரில் ஐரோப்பிய விண்கலமான ஸ்கியாபரெல்லி செவ்வாயில் இறங்க முயன்றபோது அதன் மெல்லிய சமிக்ஞையைப் பின்தொடர்ந்ததும் இதுதான். 2023இல் மிக நெடிய ஈர்ப்பலைகளின் தடயத்தைப் பல்சர்களின் துடிப்பில் கண்டதாக அறிவித்த ஐரோப்பியக் குழுவோடு சேர்ந்து உழைத்த இந்தியக் குழுவும் இந்தத் தொலைநோக்கியின் அளவீடுகளையே தந்தது.

கேள்வி: இத்தகைய ஆய்வுக் குழுவில் பொறியாளர்களுக்கு இரண்டாம் இடம்தானே?
*மின்னணுப் பொறியாளர், ஓசூர்*

பதில்: பல இடங்களில் அந்தக் குறை இருப்பது உண்மைதான், ஸ்வரூப்பின் குழுவில் அந்தக் கோடு அழிந்தே இருந்தது. காரணம், அவரே ஒரு கருவிக்காரர். ஸ்டான்ஃபோர்டில் யாங் என்பவரோடு சேர்ந்து 1961இல் அவர் வெளியிட்ட ஒரு முறை, தொலைவில் உள்ள ஆண்டெனாவுக்குச் சமிக்ஞை ஒன்றை அனுப்பி, அது திரும்பி வருவதை அளந்து, வடத்தின் நீள மாற்றத்தால் ஏற்படும் கட்டப் பிழையைக் கண்டறிவது. உலகின் பல பெரிய ஆண்டெனா வரிசைகளில் இந்த முறை புழக்கத்தில் உள்ளது.

உதகையைக் கட்டியவர்களில் பலர் அணுசக்தித் துறையின் பயிற்சிப் பள்ளியிலிருந்து நேரே வந்த இருபது வயது இளைஞர்கள். ரேடியோ வானியல் படித்துவிட்டு வந்தவர்கள் அவர்களில் இல்லை. தில்லியில் பழக்கமான என். வி. ஜி. சர்மா, எம். என். ஜோஷி ஆகியோரும் சேர்ந்துகொண்டார்கள். ஏற்பி ஒருவருடைய பொறுப்பு, டைபோல் மற்றொருவருடைய பொறுப்பு என்று இளைஞர்களிடமே பகுதிகளை ஒப்படைத்துவிட்டு, அவர்கள் செய்து, சோதித்து, அதே கருவியில் அளந்து, அதன் முடிவைத் தம் பெயரில் எழுதும்வரை ஸ்வரூப் உடனிருந்தார். கருவியைக் கட்டியவனே வானியலாளன் ஆகும் இந்த முறையில் வளர்ந்தவர்களுக்குத் தரவில் ஒரு கோணல் தெரிந்தால் அது வானத்தில் இருக்கிறதா, பெருக்கியில் இருக்கிறதா என்று கண்டுகொள்ள முடிந்தது. விஜய் கபாஹி பிற்காலத்தில் ஸ்வரூப்புக்குப் பின் புனேயின் தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்தின் இயக்குநரானார். 1999இல் காலமானது பேரிழப்பு. உதகையில் தொடங்கிய சுப்பிரமணியம் அனந்தகிருஷ்ணன் புனே தொலைநோக்கியின் பொறுப்பை ஏற்றார்.

விருதுகளைப் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள்: 1972இல் பட்நாகர் விருது, 1973இல் பத்மஸ்ரீ, 1991இல் லண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினர் தகுதி.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் வானியற்பியல்தான் படிப்பேன் என்கிறாள். வழி என்ன? வேலை கிடைக்குமா?
*தாயார் ஒருவர், தஞ்சாவூர்*

பதில்: இளநிலையில் வானியல் என்ற பெயருள்ள படிப்பைத் தேட வேண்டாம், இயற்பியலும் கணிதமும் உறுதியாகச் சொல்லித்தரும் கல்லூரி போதும். ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்களில் பள்ளி முடித்ததும் சேர்ந்து ஐந்தாண்டுகள் படிக்கலாம். இளநிலை மாணவர்களையே ஆய்வுச் சூழலில் வளர்க்கும் இத்தகைய நிறுவனம் வேண்டும் என்று, பேராசிரியர் வி. ஜி. பிடே என்பவரோடு சேர்ந்து ஸ்வரூப் பல ஆண்டுகளுக்கு முன்பே முன்மொழிந்து வலியுறுத்தியிருக்கிறார். முதுநிலைக்குப் பின் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஜெஸ்ட் (பல ஆய்வு நிறுவனங்கள் கூட்டாக நடத்தும் தேர்வு) போன்ற நுழைவுத் தேர்வும் நேர்காணலும் உண்டு. பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனம், புனேயின் தேசிய ரேடியோ வானியற்பியல் மையம், அங்கேயே உள்ள ஐயூகா எனப்படும் வானியல் மையம், ராமன் நிறுவனம் எல்லாம் ஆண்டுதோறும் மாணவர்களைச் சேர்க்கின்றன. பொறியியல் படித்தவர்களுக்கும் இதில் வாயில் உண்டு.

வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டு, அதன்பின் ஒப்பந்த ஆய்வாளராக இரண்டு மூன்று இடங்கள், பெரும்பாலும் வெளிநாட்டில். நிரந்தரப் பதவி கிடைக்கும்போது வயது முப்பத்தைந்தை எட்டிவிடும். பதவிகள் குறைவு. இடையில் வேறு துறைக்குப் போகிறவர்களுக்குத் தரவுப் பகுப்பாய்வும் நிரலாக்கமும் கைகொடுக்கின்றன. மறுபக்கம், தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அமையும் சதுர கிலோமீட்டர் வரிசை என்னும் பன்னாட்டுத் தொலைநோக்கியில் பங்கேற்க மத்திய அரசு சுமார் 1,250 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்திருக்கிறது. உங்கள் மகள் ஆய்வுக்கு வரும் வயதில் அந்தக் கருவிகள் தரவு தந்துகொண்டிருக்கும். அதைக் கையாள ஆள் தேவைப்படும்.

முடிவெடுக்கும் முன் ஒரு கருவியையாவது அவள் நேரில் பார்க்கட்டும். பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளையொட்டிக் கோடத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள்; மாணவர்கள் செய்த கருவிகளின் கண்காட்சியும் நடக்கும். முத்தோரை தஞ்சாவூருக்கு இன்னும் பக்கம். முன்கூட்டியே எழுதி அனுமதி பெற்றுக்கொண்டு போங்கள். ஐம்பது ஆண்டுகளைக் கடந்தும் அந்த உருளை வேலை செய்கிறது. சூரியக் காற்றால் தொலைதூர மூலங்கள் மினுங்குவதை அளந்து, சூரியனிலிருந்து பூமியை நோக்கி வரும் பிளாஸ்மாப் பெருக்குகளைப் பின்தொடர்கிறார்கள். தொலைநோக்கியின் அருகே கைபேசியை அணைத்துவிட வேண்டும் என்பதை மட்டும் மகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அதன் அலை, அவர்கள் தேடும் சமிக்ஞையைவிடப் பல கோடி மடங்கு வலுவானது.